பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு மைக் எப்படிக் கிடைத்தது?

நீங்கள் கேட்டது இது: "பாப் யூக்கர் என்ற பேஸ்பால் வர்ணனையாளர் இறந்தபோது மில்வாக்கி ஊரே அழுதது என்று படித்தேன். அவர் ஆறு வருடம் ஆடி வெறும் .200 அடித்த ரிசர்வ் ஆட்டக்காரராம். அப்படிப்பட்டவருக்கு 54 வருடம் மைக் எப்படிக் கிடைத்தது? சரியாக ஆடத் தெரியாதவர்கள்தான் நல்ல வர்ணனையாளர் ஆகிறார்களா?" அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "நான் கல்லூரி அணியில் ரிசர்வ் விக்கெட் கீப்பர். மூன்று வருடத்தில் நான்கே ஆட்டம்." உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆடாமல் உட்கார்ந்திருந்த காலத்துக்கு ஏதாவது மதிப்பு உண்டா என்று கேட்கிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

நான் 2004-இலிருந்து அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி பக்கத்தில் இருக்கிறேன். பேஸ்பால் எனக்குக் கண் வழியாக வரவில்லை, காது வழியாகத்தான் வந்தது. வேலை முடிந்து வரும் நாற்பது நிமிடக் கார்ப் பயணத்தில் 620 ஏஎம் வானொலியில் யூக்கரைக் கேட்டுக் கேட்டு விதிகளைப் புரிந்துகொண்டேன். பிறகு இங்குள்ள பள்ளி ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதத் தொடங்கினேன். பதினைந்து வருடமாக எழுதுகிறேன். சில சீசன்கள் உள்ளூர்ச் சிறு வானொலி ஒன்றுக்காக மைக் முன்னாலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அவருடைய கடைசி இருபது வருட வர்ணனையைப் பற்றி என் காதை நம்பிப் பேசுவேன். அதற்கு முந்தியது ஒலிப்பதிவுகளும் ஏடுகளும் தந்த அறிவு.

முதலில் அந்த .200-ஐச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கிரிக்கெட்டில் சராசரி 20 என்பது வேறு, இது வேறு. பேஸ்பாலில் பத்து முறை மட்டை பிடித்தால் எத்தனை முறை அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸ், அதாவது ஓடிச் சேர வேண்டிய மூலை, சேர்ந்தார் என்பதே இந்தக் கணக்கு. அப்படிச் சேர்வதுதான் ஹிட். பத்துக்கு மூன்று என்றால் பெரிய ஆள். 1960-களின் நடுவில் மொத்த லீக்கின் சராசரியே .250-ஐ ஒட்டித்தான் இருந்தது. யூக்கர் 1962 முதல் 1967 வரை 297 ஆட்டங்கள் ஆடினார். 731 முறை மட்டை பிடித்து 146 ஹிட். வகுத்துப் பார்த்தால் .1997 வரும், அதை மேலே தள்ளித்தான் .200 என்று போடுகிறார்கள். ஒரு ஹிட் குறைந்திருந்தால் .198. ஹோம் ரன், அதாவது வேலிக்கு அப்பால் அடித்த உங்கள் சிக்சர் மாதிரியான அடி, 14. அடித்து உள்ளே கொண்டுவந்த ரன் 74. மட்டையை வைத்துப் பார்த்தால் பலவீனமான ஆட்டக்காரர்தான், அதில் வாதமே இல்லை.

ஆனால் "ஆடத் தெரியாதவர்" என்பதை ஏற்க மாட்டேன். 1962-இல் மேஜர் லீக்கில் மொத்தமே 20 அணிகள். அணிக்கு இரண்டு மூன்று கேட்சர் என்று வைத்தாலும், நாடு முழுக்க அந்த வேலைக்கு நாற்பதிலிருந்து அறுபது இடம்தான். அந்த இடத்தில் ஒருவர் ஆறு சீசன் நின்றார் என்றால் அவர் கையும் கண்ணும் சும்மா இருந்திருக்காது. 1956-இல் கையெழுத்துப் போட்டு, சிறு ஊர் அணிகளில் ஆறு வருடம் உருண்டு, 28 வயதில்தான் மேலே வந்தார். தன்னை உதவாக்கரை என்று அவரே ஆயிரம் மேடையில் சொல்லிச் சொல்லி, இன்று எல்லாரும் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அது அவர் கட்டிய வேஷம். வேஷத்துக்கு அடியில் ஒரு தொழில்காரர் இருந்தார். வர்ணனையாளர் ஆனது அந்தத் தொழில்காரர்தான்.

கேட்சர் என்றால் கிட்டத்தட்ட உங்கள் விக்கெட் கீப்பர். ஆனால் பொறுப்பு இன்னும் அதிகம். மைதானத்தில் மற்ற எட்டுப் பேரும் ஒரு பக்கம் பார்த்து நிற்க, கேட்சர் ஒருவர்தான் எதிர்ப்பக்கம் பார்த்துக் குந்தியிருப்பார். ஒன்பது பேரில் முழு ஆட்டமும் கண்ணுக்குத் தெரிவது அவருக்கு மட்டும்தான். எந்தப் பந்து போட வேண்டும் என்று விரலால் சைகை காட்டுவது அவர். மட்டைக்காரரின் கால் அரை அங்குலம் நகர்ந்தாலும் கவனிக்க வேண்டியவர் அவர். பந்து வீசும் பிட்சரின் தோள் களைத்துவிட்டதா, மனம் கலைந்துவிட்டதா என்று அறிய வேண்டியவரும் அவர்தான். இனி ரிசர்வ் கேட்சரை யோசித்துப் பாருங்கள். அதே கண்ணும் அதே பழக்கமும் உண்டு, ஆனால் ஆட்டம் கிடையாது. புல்பென்னில், அதாவது மைதானத்தின் ஓரத்தில் மாற்றுப் பிட்சர்கள் கையைச் சூடேற்றும் இடத்தில், ஒருவர் பின் ஒருவராக அவர்கள் போடும் பந்தைப் பிடித்துக்கொடுப்பார். மிச்ச நேரம் எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதும் பேசிக்கொண்டிருப்பதும்தான்.

யூக்கருக்கு இந்தப் பேச்சு அங்கேயே தொடங்கிவிட்டது. புல்பென்னில் பீர் கோப்பையை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, நடக்கிற ஆட்டத்துக்குத் தானே வர்ணனை சொல்வேன் என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். இதற்கு ஒலிப்பதிவு கிடையாது, அவர் வாய்மொழிதான். ஆனால் அவர் அணியில் என்ன மாதிரி ஆளாக இருந்தார் என்பதற்குப் புகைப்பட ஆதாரம் உண்டு. 1964-இல் அவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் இருந்தார். அந்த வருடம் அணி, சாம்பியனை முடிவுசெய்யும் உலகத் தொடருக்குப் போய் நியூயார்க் யாங்கீஸை நான்குக்கு மூன்று என்று வென்றது. ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் வாசிக்க வந்திருந்த பேண்ட் குழுவின் டியூபா ஒன்று தரையில் கிடந்தது. யூக்கர் அந்தப் பெரிய பித்தளைக் குழலைத் தோளில் மாட்டிக்கொண்டு, பயிற்சியில் உயர அடிக்கப்படும் பந்துகளை அதன் வாயில் பிடிக்க ஓடினார். படம் இருக்கிறது. நசுங்கிய டியூபாவுக்கு நிர்வாகம் தன்னிடம் பணம் கேட்டது என்பது மட்டும் அவர் சேர்த்துச் சொல்வது. அந்தத் தொடரின் ஏழு ஆட்டத்தில் ஒன்றில்கூட அவர் ஆடவில்லை.

அந்த ஏழு ஆட்டத்திலும் ஆடியவர் டிம் மெக்கார்வர். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இவரை விட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. மெக்கார்வர் முதல் கேட்சர், யூக்கர் ரிசர்வ். மெக்கார்வர் அந்தத் தொடரில் .478 அடித்தார், ஐந்தாம் ஆட்டத்தில், வழக்கமான ஒன்பது இன்னிங்ஸும் முடிந்து சமனாக இருந்தபோது, பத்தாவது இன்னிங்ஸில் மூன்று ரன் ஹோம் ரன் அடித்து வெற்றியைத் தேடித் தந்தார். பிற்காலத்தில் அவரும் வர்ணனையாளர் ஆனார், நாடு அறிந்த தொலைக்காட்சிக் குரலாக இருந்தார். வர்ணனையாளர்களுக்கான பெரிய கௌரவம் கூப்பர்ஸ்டவுனில் உள்ள, பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் தரும் ஃபோர்ட் ஃப்ரிக் விருது. யூக்கருக்கு அது 2003-இல் வந்தது, மெக்கார்வருக்கு 2012-இல் வந்தது. இவர்களுக்கு முன் அதே கார்டினல்ஸ் அணியில் கேட்சராக இருந்த ஜோ கராஜியோலாவும் 1991-இல் அதே விருதைப் பெற்றார். ஆகவே மோசமாக ஆடியதால் நல்ல வர்ணனை வந்தது என்ற கணக்கு ஒத்துவராது. இந்த மூவருக்கும் பொதுவாக இருந்தது குந்தியிருந்து முழு மைதானத்தையும் பார்த்த வருடங்கள்.

அப்படியென்றால் ரிசர்வாக இருந்ததற்கு என்று தனிப் பயன் எதுவும் இல்லையா? உண்டு என்பது என் எண்ணம். இது என் கணிப்பு, நிரூபிக்க முடியாது. வாடிக்கையாக ஆடுபவர் ஆட்டத்தைத் தன் உடம்பு வழியாக நினைவில் வைக்கிறார். மெக்கார்வர் பேசும்போது "இந்த இடத்தில் இந்தப் பந்து வரும்" என்று முன்கூட்டியே சொல்வதில் வல்லவர். ரிசர்வ் ஆளுக்கு ஆட்டத்தோடு அதைச் சுற்றியுள்ள மனிதர்களும் நினைவில் நிற்கிறார்கள். யார் பயந்திருந்தார், யார் முதல் நாள் இரவு தூங்கவில்லை, யாருக்கு வேலை போகப்போகிறது என்று. யூக்கர் எந்த இளைஞன் தடுமாறினாலும் அவனை ஏளனமாகப் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை. பந்து நழுவியது என்றால் நழுவியது என்பார். அடுத்த வாக்கியத்தில் அந்தப் பந்து ஏன் கடினம் என்பார். பந்து நழுவுவதை அவரைவிட அறிந்தவர் யார்?

1967-இல் லீக்கிலேயே அதிகமான பாஸ்டு பால் அவர் கணக்கில்தான். கீப்பர் பிடித்திருக்க வேண்டிய பந்தை விட்டு ஓடவைப்பது என்று புரிந்துகொள்ளுங்கள். ஏட்டில் கேவலமான எண். ஆனால் அதன் பின்னணி வேறு. அந்த ஜூனில் அவரை பிலடெல்பியாவிலிருந்து அட்லாண்டா பிரேவ்ஸ் வாங்கியது. அங்கே ஃபில் நீக்ரோ என்ற பிட்சர் இருந்தார். அவர் போடுவது நக்கிள்பால். பந்து சுழலாமல் காற்றில் மிதந்து வரும், எந்தப் பக்கம் விலகும் என்று போட்டவருக்கே தெரியாது. விட்டுவிடுவோம் என்ற பயத்தில் கேட்சர்கள் அந்தப் பந்தை அதிகம் கேட்க மாட்டார்கள். யூக்கர் கேட்டார். நீ அதையே போடு, பிடிப்பது என் பாடு என்ற தைரியத்தை யூக்கர்தான் தந்தார் என்று நீக்ரோ பின்னர் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். அந்த வருடம் நீக்ரோவின் ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன், 1.87. நேஷனல் லீக்கில் அதுவே மிகக் குறைவு. வாழ்நாளில் 318 வெற்றி கண்டு 1997-இல் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார். யூக்கருக்கு மிஞ்சியது அந்தப் பாஸ்டு பால் எண். நக்கிள்பால் உருண்டு நின்ற பிறகு போய் எடுத்துக்கொள்வதுதான் அதைப் பிடிக்கச் சிறந்த வழி என்று ஊரைச் சிரிக்கவைத்தாரே தவிர, இந்தக் கணக்கைத் தன் பெருமையாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. சாண்டி கோஃபாக்ஸ் விஷயமும் அப்படித்தான். 1965 ஜூலை 24 அன்று, அந்தச் சீசனில் 382 முறை மட்டைக்காரர்களை அடிக்கவிடாமலே ஸ்டிரைக் அவுட் ஆக்கிய அந்த மாபெரும் பிட்சரை அடித்து ஹோம் ரன் ஆக்கினார். இதனால் கோஃபாக்ஸ் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போக முடியாமல் ஆகிவிடுமோ என்று பயந்தேன் என்பதே அவர் வாயிலிருந்து வந்தது.

மைக் எப்படிக் கிடைத்தது என்பதற்கு வருகிறேன். இதில் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் மில்வாக்கியில் பிறந்தவர், 1934 ஜனவரியில். பெற்றோர் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்தவர்கள். பிரேவ்ஸ் அணி 1953-இல் பாஸ்டனிலிருந்து மில்வாக்கிக்கு வந்தது, ஊர் கொண்டாடியது, பிறகு 1966-இல் அதே அணி அட்லாண்டாவுக்குப் போய்விட்டது. அந்தக் காயம் இந்த ஊரில் வயதானவர்களிடம் இன்னும் இருக்கிறது, நான் நேரில் கேட்டிருக்கிறேன். பட் சீலிக் என்ற உள்ளூர்க்காரர் விடாமல் முயன்று, சியாட்டிலில் திவாலான ஓர் அணியை 1970-இல் இங்கே கொண்டுவந்து பிரூவர்ஸ் ஆக்கினார்.

இதற்கிடையில் ஆட்டம் முடிந்த யூக்கர் அட்லாண்டாவில் மேடைகளில் பேசிக்கொண்டிருந்தார். டிரம்பெட் கலைஞர் அல் ஹர்ட் தன் கிளப்பில் அவரை ஏற்றினார், அந்த வழியாக ஜானி கார்சனின் இரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போனார். கார்சன் அவருக்கு "மிஸ்டர் பேஸ்பால்" என்று பெயர் வைத்தார். .200 அடித்தவருக்கு அந்தப் பட்டம், அரங்கம் சிரித்தது, பெயர் நிலைத்துவிட்டது. சீலிக் அவரை முதலில் எடுத்தது வர்ணனைக்கு அல்ல, இளம் ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்த்து எழுதும் ஸ்கவுட் வேலைக்கு. அவர் அனுப்பிய முதல் அறிக்கையில் உருளைக்கிழங்கு மசியலும் குழம்பும் ஒட்டியிருந்தது என்று சீலிக் சொல்வார். இரண்டு நண்பர்களும் ஐம்பது வருடம் தேய்த்துப் பளபளப்பாக்கிய கதை இது, குழம்பின் அளவை நான் உறுதிசெய்ய மாட்டேன். உறுதியானது, 1971-இல் அவர் வானொலிப் பெட்டிக்குள் உட்கார்ந்தார் என்பது. பக்கத்தில் மெர்ல் ஹார்மனும் டாம் காலின்ஸும் இருந்தார்கள். ஒருநாள் நடு ஆட்டத்தில் "அடுத்த இன்னிங்ஸ் பாப் யூக்கர்" என்று காற்றில் அறிவித்துவிட்டு இருவரும் எழுந்து போய்விட்டார்கள், தனியாக நடுங்கினேன் என்று அவர் நினைவுகூர்வது வழக்கம்.

இங்கே அதிர்ஷ்டம் உண்டா என்றால் நிச்சயம் உண்டு. சொந்த ஊருக்கு அணி திரும்பியது, அதன் முதலாளி நண்பரானார், மேடைப் பழக்கம் சரியான நேரத்தில் வந்தது. ஆனால் அந்த அதிர்ஷ்டத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். 1971 முதல் 1977 வரை ஏழு சீசனும் பிரூவர்ஸ் தோற்றதே அதிகம். 1978-இல்தான் முதன்முதலாக வெற்றிகள் தோல்விகளைத் தாண்டின. சீசனுக்கு 162 ஆட்டம், ஆட்டத்துக்கு இரண்டரை மூன்று மணி நேரம். ஏழு வருடம் தோற்கும் அணியை ஒவ்வொரு இரவும் வீட்டுக்குள் கொண்டுபோய், ஜனங்கள் ரேடியோவை அணைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெற்றியையே அறிந்த ஒருவருக்கு இது தாங்கியிருக்குமா என்பது சந்தேகம். பெஞ்சில் இருந்தவருக்குத் தோல்வி நாளும் ஒரு நாள்தான், அதிலும் பார்க்க ஏதோ இருக்கும்.

அவருடைய தொழில் நுணுக்கத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை, எனக்கு அது வருத்தம். எல்லாரும் நகைச்சுவையை மட்டும் எழுதுகிறார்கள். வானொலி வர்ணனையில் கேட்பவர் குருடர். பந்து எத்தனையாவது, எத்தனை பேர் அவுட், எந்த பேஸில் யார், ஸ்கோர் என்ன என்பதை ஓயாமல் சொல்ல வேண்டும், ஆனால் சொல்வது தெரியக் கூடாது. பழைய மேதை ரெட் பார்பர் மேசையில் முட்டை வேகவைக்கும் மூன்று நிமிட மணல் கடிகாரம் வைத்திருந்தார், மணல் தீர்ந்தால் ஸ்கோர் சொல்லிவிட்டுத் திருப்பிவைப்பார். நானும் ஒன்று வாங்கி வைத்துத்தான் பழகினேன். ஒருமுறை யூக்கரின் ஆட்டம் ஒன்றை, கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். மீன்பிடிக்கப் போன கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று நிமிடம் ஒருமுறையும் முழுதாகத் தீரவில்லை. கதையின் நடுவில் வாக்கியத்தை உடைக்காமல் பந்து வந்தது, ஸ்டிரைக் போனது, ஸ்கோர் வந்தது, மீன் மறுபடி தூண்டிலுக்குத் திரும்பியது. கேட்கும்போது எளிது. செய்து பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று, ஆட்டம் நெருக்கமாக இருந்தால் அவர் கதை சொல்ல மாட்டார். ஒன்பதுக்கு ஒன்று என்ற இரவுகளில்தான் மீனும் பழைய நண்பர்களும் வருவார்கள். இரண்டுக்கு இரண்டு என்றால் குரல் சுருங்கிவிடும், வாக்கியங்கள் சிறுத்துவிடும். ஒரு ஆகஸ்ட் இரவு வீட்டுக்கு வந்த பிறகும் கராஜில் கார் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். மட்டையில் பந்து பட்ட சத்தம் ரேடியோவில் கேட்டது. பிறகு ஒரு கணம் ஒன்றுமே இல்லை. அந்தக் கணத்தில் அவர் பந்தைப் பார்க்கவில்லை, வெளிக்களத்து ஆள் எப்படித் திரும்பினான் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பல வருடம் கழித்து, நானே மைக் முன் உட்கார்ந்தபோது புரிந்தது. உயர்ந்த பந்து எங்கே விழும் என்று பந்தைப் பார்த்தால் ஏமாறுவோம், பிடிக்க ஓடுபவனைப் பார்த்தால் ஏமாற மாட்டோம். கேட்சர் கண் அது. பிறகு குரல் எழுந்தது: "கெட் அப், கெட் அப், கெட் அவுட்டா ஹியர், கான்!" பந்துக்கே சொல்வது போல. எழு, எழு, இங்கிருந்து போய்விடு என்று. அவருடைய ஹோம் ரன் குரல் அது. இந்த ஊர்க் குழந்தைகள் தெருவில் விளையாடும்போதும் அப்படியே கத்துவார்கள்.

புகழ் மற்ற வழிகளிலும் வந்தது. 1976 முதல் ஏபிசி தொலைக்காட்சியில் திங்கள் இரவு ஆட்டங்கள், பிறகு உலகத் தொடர்கள், பீர் விளம்பரங்கள், 1985 முதல் 1990 வரை ஒரு குடும்பத் தொலைக்காட்சித் தொடர், 1989-இல் மேஜர் லீக் என்ற படத்தில் வர்ணனையாளர் வேடம், மல்யுத்த மேடைகள் வரை. ஹாலிவுட் பணம் இவ்வளவு வந்தபிறகும் ஏப்ரலில் மில்வாக்கிக்குத் திரும்பினார் என்பதைத்தான் இந்த ஊர்க்காரர்கள் முதலில் சொல்வார்கள். அந்தப் பீர் விளம்பரத்தில், "எனக்கு முன்வரிசை இருக்கை" என்று நம்பிப் போன யூக்கரை அரங்கின் கடைக்கோடி மேல்வரிசையில் உட்காரவைப்பார்கள். இன்று மைதானத்துக்கு வெளியே 2012-இல் வைத்த சிலை ஒன்று உண்டு. 2014-இல் உள்ளே, மேல்தளத்தின் கடைசி வரிசையில் இன்னொரு சிலையை உட்கார்ந்த நிலையில் வைத்தார்கள். பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். குழந்தைகள் ஓடிப்போய் அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆட்டக்காரர்கள் அவரை விருந்தாளியாக நடத்தவில்லை, தங்களில் ஒருவராகவே நினைத்தார்கள். 2018-இல் பிரூவர்ஸ் நாக்அவுட் சுற்றில் வெகுதூரம் போனபோது, அந்தப் பரிசுப் பணத்தில் அவருக்கும் ஒரு முழுப் பங்கு என்று ஆட்டக்காரர்களே வாக்களித்துக் கொடுத்தார்கள். அவர் அதைத் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட்டார். அவரோடு பன்னிரண்டு வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்த பேட் ஹியூஸ், பிறகு சிகாகோ கப்ஸ் அணியின் குரலாகி, 2023-இல் தானும் ஃப்ரிக் விருது பெற்றார். பெஞ்சிலிருந்து வந்தவர் தன் பக்கத்து ஆளுக்கும் மைக்கைத் தாராளமாகக் கொடுத்தார் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

இனி உங்கள் கடைசி வரி. பெஞ்சில் இருந்தால் யூக்கர் ஆகலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த 1960-களில் அவரைப் போல உட்கார்ந்திருந்த ஆட்டக்காரர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள், மைக் வந்தது விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கு. ஒருவரை வைத்து விதி எழுத முடியாது. பெஞ்ச் தானாக எதையும் கற்றுத்தராது என்பதும் எனக்கு உறுதி. நான் ஸ்கோர் எழுதும் பள்ளி அணியில் எத்தனையோ ரிசர்வ் பையன்கள் போனைப் பார்த்தே சீசனைக் கழிக்கிறார்கள். சில வருடம் முன்பு இரண்டாவது கேட்சராக இருந்த ஒரு பையனிடம் என் ஸ்கோர் புத்தகத்தையும் பென்சிலையும் கொடுத்து, இன்னிங்ஸுக்கு ஒரு விஷயம் மட்டும் ஓரத்தில் எழுது என்றேன். முதல் வாரம் வெயில், பசி என்று எழுதினான். நான்காவது வாரம், எதிரணி பிட்சர் வளைவுப் பந்து போடுமுன் கையுறைக்குள் மணிக்கட்டைக் கொஞ்சம் உயர்த்துகிறான் என்று எழுதியிருந்தான். டக்அவுட்டில் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. அவன் மூலம் எங்கள் பசங்கள் அன்று மூன்று பந்துகளை எதிர்பார்த்து அடித்தார்கள். ஸ்கோர் புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே அன்றைக்கும் ஒன்றும் இல்லை.

உங்களால் செய்யக்கூடியது அதுதான். அடுத்த ஆட்டத்துக்கு ஒரு நோட்டு கொண்டுபோங்கள். ஓவருக்கு ஒன்று எழுதுங்கள், உங்கள் முதல் கீப்பர் எங்கே நிற்கிறார், ஏன் நகர்ந்தார் என்று. வர்ணனையில் ஆசை இருந்தால் தொலைபேசியில் பதிவை ஓடவிட்டு இரண்டு ஓவர் பேசிப் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், ஸ்கோர் தெரிகிறதா, பந்து எங்கே போனது என்று புரிகிறதா என்று. முதலில் புரியாது, அதற்குக் கலங்காதீர்கள்.

யூக்கரைக் கேட்க வேண்டும் என்றால் இந்த வரிசையில் கேளுங்கள். முதலில் 2003 ஹால் ஆஃப் ஃபேம் உரை. மேடையில் அவர் யார் என்று அதில் தெரியும். அடுத்து 1987 ஏப்ரல் 19, ஈஸ்டர் ஞாயிறு. பிரூவர்ஸ் தொடர்ந்து பதினோரு ஆட்டம் வென்றிருந்த நாள், கடைசி இன்னிங்ஸில் நான்குக்கு ஒன்று என்று பின்னால் இருக்கிறார்கள். ராப் டியர் அடித்துச் சமன் செய்கிறார், டேல் ஸ்வேம் அடித்து முடிக்கிறார். அந்தக் குரலில் இந்த ஊர் முழுவதும் இருக்கும். கடைசியாக 2024 அக்டோபர் 3. நியூயார்க் மெட்ஸுக்கு எதிரான வாழ்வா சாவா ஆட்டம், பிரூவர்ஸ் ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தார்கள். பீட் அலான்சோ மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார், நான்குக்கு இரண்டு என்று முடிந்தது. அப்போது யூக்கருக்கு 90 வயது. 2023-இலிருந்தே நுரையீரல் புற்றுநோய் இருந்தது என்பதைக் குடும்பம் அவர் இறந்த பிறகுதான் வெளியே சொன்னது. ஆட்டம் முடிந்து விடைபெறும்போது குரலை உயர்த்தவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. இது கொஞ்சம் சுருக்கென்று வலிக்கத்தான் செய்தது என்ற மாதிரி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். 2025 ஜனவரி 16 அன்று இறந்தார். அடுத்த ஏப்ரலில் கார் ரேடியோவைப் போட்டபோது வேறொரு குரல் வந்தது. நல்ல குரல்தான். ஆனால் அன்று வீட்டுக்கு வந்தபிறகு நான் கராஜில் உட்கார்ந்திருக்கவில்லை.